சுமையாக இருந்த காலம்

வடக்கே செம்புச் சுரங்கம் தேடி சாமுவேல் ஹெர்ன் இரண்டு முறை புறப்பட்டு இரண்டு முறையும் பாதி வழியில் திரும்பினார். இரண்டாவது தடவை, கையிலிருந்ததையெல்லாம் பறிகொடுத்து, குளிருக்கு உடுக்கச் சரியான தோலாடைகூட இல்லாமல் வந்துகொண்டிருந்தவரை 1770 செப்டம்பரில் வழியில் கண்டார் மட்டொனபி. ஹட்சன் விரிகுடாவின் மேற்கே வாழும் டெனே மக்களின் பெருந்தலைவர் அவர். முதல் வேலையாக, நீர்நாய்த் தோலில் ஓர் உடைக்கு ஏற்பாடு செய்து கொடுத்தார். அதன் பிறகுதான் தோல்விக்குக் காரணம் பேசினார். வழிகாட்டிகள் சரியில்லை என்பது ஒரு காரணம். பெண்களை அழைத்துப் போகாதது அதைவிடப் பெரிய காரணம். ஆண்கள் எல்லோரும் மூட்டை தூக்கினால் வேட்டைக்குப் போவது யார்? வேட்டை விழுந்தால் இறைச்சியைச் சுமப்பது யார்? கூடாரம் அடிப்பது, தோல் பதப்படுத்துவது, கிழிந்த செருப்பைத் தைப்பது யார்? ஒரு பெண் இரண்டு ஆண்களின் சுமையை இழுப்பாள், பஞ்ச காலத்தில் சமைத்த விரலை நக்கியே உயிர் பிழைத்துக்கொள்வாள் என்றும் அவர் சொன்னதை ஹெர்ன் தன் பயண நூலில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

யெல்லோநைஃப் நூலகத்தில் இந்தப் பக்கத்தைப் படித்தபோது எனக்கு ஆத்திரமாக வந்தது. புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ஆத்திரத்துக்குப் பாதிக் காரணம் மட்டொனபி. மீதிக் காரணம் நான் அப்போது இருந்த நிலை.

நான் நிலவியல் படித்தவள். ஊரில் பாறைகளைத் தட்டிப் பார்த்துக்கொண்டு தனியாக மலை ஏறியிருக்கிறேன். கனடாவின் வடமேற்குப் பிரதேசத்துக்கு வந்தபோது என் கணவருடைய விசாவோடு ஒட்டிக்கொண்டு வந்தேன். அவருக்கு வைரச் சுரங்கத்தில் வேலை. சுரங்கத்துக்குச் சாலை கிடையாது. விமானத்தில் போய் இரண்டு வாரம் அங்கே இருந்துவிட்டு, இரண்டு வாரம் வீட்டில் இருப்பார். குளிர்காலத்தின் கடைசியில் சில வாரங்கள் மட்டும், உறைந்த ஏரிகளின் மேல் போடும் பனிச்சாலையில் லாரிகள் டீசலும் சிமெண்டும் ஏற்றிக்கொண்டு ஊர்ந்து ஊர்ந்து போகும். அவர் போனதும் நான் நாற்பது டிகிரி மைனஸில், எனக்கு ஓட்டத் தெரியாத ஒரு காருக்குக் காவலாக இருப்பேன். இரவில் காரின் எஞ்சினுக்கு மின்கம்பி செருகி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் காலையில் எஞ்சின் கல்லாகிவிடும் என்பதுகூடப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. எதற்கும் யாரையாவது கேட்க வேண்டும். காய்கறி வாங்கப் போக வேண்டுமானால் யாராவது அழைத்துப்போக வேண்டும். கேட்டுக் கேட்டு எனக்கே என் குரல் பிடிக்காமல் போயிற்று.

ஹெர்னின் புத்தகத்தை எடுத்தது செம்புக்காக. அவர் தேடிப் போன காப்பர்மைன் ஆறு, என் கணவர் வேலை பார்க்கும் இடத்துக்கு அருகே உள்ள லாக் டி கிரா ஏரியில்தான் பிறக்கிறது. யெல்லோநைஃப் (மஞ்சள் கத்தி) என்ற இந்த ஊரின் பெயருக்கே செம்பு காரணம். இங்கே வாழ்ந்த டெனே மக்களின் ஒரு பிரிவினர் அந்த ஆற்றுப் பக்கத்துச் செம்பைத் தட்டிக் கத்தி செய்து வைத்திருந்ததால் வந்த பெயர். மூடி வைத்த புத்தகத்தை மறுபடி திறந்ததும் அந்த ஆர்வத்தால்தான்.

ஹெர்ன் 1745இல் லண்டனில் பிறந்தவர். சிறுவயதிலேயே கடற்படைக்குப் போய், பிறகு 1766இல் ஹட்சன்ஸ் பே கம்பெனியில் சேர்ந்தார். சர்ச்சில் ஆற்றின் முகத்துவாரத்தில் கல்லால் கட்டிய பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் கோட்டை கம்பெனியின் வணிகத் தளம். அதன் தலைவர் மோசஸ் நார்ட்டன். தோல் விற்க வந்தவர்கள் கொண்டுவந்து காட்டிய செம்பைப் பார்த்து, வடக்கே பெரிய சுரங்கம் இருக்கிறது, போய்ப் பார்த்து வா, அப்படியே கிழக்குக்கும் மேற்குக்கும் கடல்வழி உண்டா என்றும் பார் என்று 24 வயது ஹெர்னை அனுப்பினார். 1769 நவம்பர் 6இல் கிளம்பினார்கள். சில வாரங்களிலேயே வழிகாட்டி தன் ஆட்களோடு சாமான்களையும் எடுத்துக்கொண்டு வேறு பக்கம் போய்விட்டார். அவர்கள் சிரித்த சிரிப்பில் காடே அதிர்ந்தது என்று ஹெர்னே எழுதுகிறார். அடுத்த பிப்ரவரியில் மறுபடி கிளம்பினார். ஆகஸ்டில் ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தபோது, இருக்கும் இடத்தைக் கணக்கிட நிறுத்தி வைத்திருந்த கோணமானியைக் காற்று தள்ளி உடைத்தது. அதோடு அந்தப் பயணமும் முடிந்தது. திரும்பும் வழியில் எதிர்ப்பட்டவர்கள் அவரிடம் இருந்ததைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஒரு கத்தியையாவது விட்டுவையுங்கள் என்று அவர் கெஞ்ச வேண்டியிருந்தது.

அந்த இரண்டு பயணங்களிலும் ஹெர்ன் பெயரளவிலாவது தலைவர். கம்பெனி எழுதிக் கொடுத்த உத்தரவு கையில் இருந்தது. எந்தத் திசை, யார் கூட வரலாம், யார் வரக்கூடாது என்பதைக் கோட்டைக்குள் உட்கார்ந்து நார்ட்டன் முடிவு செய்திருந்தார். மூன்றாவது பயணம் 1770 டிசம்பர் 7இல் தொடங்கியது. அதில் திசையை முடிவு செய்தது மட்டொனபி. வேகத்தை முடிவு செய்தது காரிபூ மான் மந்தை. தங்கும் இடத்தை முடிவு செய்தது மட்டொனபியின் மனைவியர் சுமந்த கூடாரம். ஹெர்ன் இவர்களோடு வந்த ஒரு மூட்டை. எழுதத் தெரிந்த மூட்டை என்பது மட்டும்தான் வித்தியாசம்.

மூட்டையாக இருப்பது எப்படி என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் டெட்டாவில் வசிக்கும் ஒரு டெனே பாட்டி. பல்பொருள் கடையில் கல்லா வேலை கிடைத்தபோது, பக்கத்துக் கல்லாவில் நின்ற பெண்ணின் தாயார். டெட்டா, யெல்லோநைஃபின் எதிர்க்கரையில் இருக்கும் ஊர். குளிர்காலத்தில் நடுவில் உள்ள கிரேட் ஸ்லேவ் ஏரி உறைந்ததும் அதன் மேலேயே காரில் போய்விடலாம். நாளைக்கு வலை பார்க்கப் போகிறோம், சும்மாதானே இருக்கிறாய், வா என்றார் அந்தப் பெண். நானும் போனேன். ஸ்கிடூ என்ற பனி மோட்டார் வண்டியின் பின்னால் மரச் சறுக்குவண்டி ஒன்றைக் கட்டியிருந்தார்கள். அதில் பெட்ரோல் கேன், பனிக்கட்டியைத் துளைக்கும் கருவி, கெட்டில், மீன் போட ஒரு பிளாஸ்டிக் தொட்டி, இவற்றுக்கு நடுவில் நான். பாட்டி என் காலைப் பார்த்தார். கடையில் தள்ளுபடியில் வாங்கிய பூட்ஸ். ஒன்றும் சொல்லாமல் ஒரு கம்பளியை எடுத்து என் முழங்காலுக்குக் கீழே சுற்றிக் கயிற்றால் கட்டினார். பெட்ரோல் கேனையும் அதே கயிற்றால்தான் கட்டியிருந்தார்.

கிரேட் ஸ்லேவ் ஏரி வட அமெரிக்காவிலேயே ஆழமான ஏரி, 614 மீட்டர். அதன் மேல் உட்கார்ந்து போகும்போது கீழே எவ்வளவு தண்ணீர் என்ற எண்ணம் எனக்குப் போகவே இல்லை. அவர்களுக்கு அந்த எண்ணம் இருந்ததாகத் தெரியவில்லை. பனிக்கட்டியில் ஓரிடத்தில் நிறம் மாறியிருந்ததைப் பார்த்து ஸ்கிடூ பெரிய வட்டமடித்துச் சுற்றிப் போனது. எனக்கு இரண்டு இடமும் ஒரே வெள்ளையாகத்தான் தெரிந்தது.

பனிக்கட்டிக்கு அடியில் வலை போடுவது அழகான வேலை. முதலில் ஒரு துளை போடுகிறார்கள். நீளமான பலகை ஒன்றை அதன் வழியாக உள்ளே விட்டால் அது மிதந்து பனிக்கட்டியின் அடிப்பக்கம் ஒட்டி நிற்கிறது. பலகையில் ஓர் இரும்புக் கை இருக்கிறது. கயிற்றை வெட்டி வெட்டி இழுத்தால் அந்தக் கை பனிக்கட்டியை உந்த, பலகை அடியிலேயே முன்னால் நகர்ந்து போகிறது. மேலே ஒருவர் காதைக் கொடுத்துக்கொண்டு அதன் தட்டொலியோடு நடக்கிறார். வேண்டிய தூரம் போனதும் ஒலி நின்ற இடத்தில் இன்னொரு துளை. இப்போது இரண்டு துளைக்கும் நடுவில் கயிறு இருக்கிறது. அதில் வலையைக் கட்டி இழுத்துக்கொள்ள வேண்டியதுதான். ஜிக்கர் என்கிறார்கள் அந்தப் பலகையை.

நான் உதவி செய்யப் போனேன். துளையில் மிதந்த பனித்துண்டுகளை அள்ளும் கரண்டியைப் பிடுங்காத குறையாக வாங்கி நாலு தடவை அள்ளினேன். கையுறை நனைந்தது. நனைந்த கையுறை அந்தக் குளிரில் என்ன செய்யும் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும், என்னைத் தவிர. பாட்டி வேலையை நிறுத்திவிட்டு வந்து, கையுறையைக் கழற்றி, தன் பார்க்காவுக்குள் இருந்து வேறொரு ஜோடி எடுத்துப் போட்டுவிட்டு, ஆங்கிலத்தில் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: உட்கார். அதில் கடுமை இல்லை. பரிவு இருந்தது என்றும் சொல்ல மாட்டேன். வேலை நடக்கும் இடத்தில் எது எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

உட்கார்ந்தேன். இத்தனை நாள் இந்த ஊரில் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது உட்கார்ந்திருப்பதுதான். அன்றைக்கு அது லேசாக இருந்தது. கை சும்மா இருந்தபோது கண்ணுக்கு வேலை வந்தது. மீனை வலையிலிருந்து எடுக்கும் விரல்கள் எந்தக் கண்ணியை முதலில் தள்ளுகின்றன என்று பார்த்தேன். வெண்மீன் ஒரு பக்கம், நாய்களுக்கு என்று ஒதுக்கியவை ஒரு பக்கம். எடுத்து வைத்த நொடியில் மீன் விறைத்துக் கட்டையாவதைப் பார்த்தேன். தேநீர் கொதிக்க வைக்க அவர்கள் தேர்ந்தெடுத்த இடத்தில் காற்று ஏன் இல்லை என்று யோசித்துக் கொஞ்ச நேரத்தில் விடையும் கண்டுபிடித்தேன். அந்தச் சின்னக் கண்டுபிடிப்பில் எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொன்னால் சிரிப்பார்கள்.

அதற்குப் பிறகு ஹெர்னை வேறு மாதிரி படிக்க முடிந்தது. அவருடைய பயண நூல் வரைபடமாகத் தோற்றுப்போனது. காப்பர்மைன் ஆற்றின் முகத்துவாரத்தை 71 டிகிரி 54 நிமிடம் என்று குறித்தார். உண்மையில் அது 68 டிகிரிக்குக் கீழே இருக்கிறது. தேடிப்போன சுரங்கம் என்று மட்டொனபி காட்டிய இடத்தில் ஏறத்தாழ நான்கு மணி நேரம் எல்லோரும் தேடி, சொல்லிக்கொள்ளும்படியாகக் கிடைத்தது நான்கு ராத்தல் எடையுள்ள ஒரே செம்புக் கட்டி. கம்பெனியின் கணக்கில் நஷ்டம். ஆனால் மூட்டையாகப் போனவர் கண்ட விஷயங்கள் இருக்கின்றனவே, அவற்றுக்கு அந்தக் காலத்து ஆய்வுப்பயண நூல்களில் நிகர் குறைவு. மான்களை வேலிகட்டி வளைத்துக் கண்ணியில் பிடிக்கும் முறை. மானின் இரைப்பையில் இரத்தம், கொழுப்பு, இறைச்சி எல்லாம் அடைத்து நெருப்பின் மேல் தொங்கவிட்டுச் சமைக்கும் உணவு. முதலில் முகம் சுளித்தவர் பிறகு அதைப் பாராட்டி எழுதுகிறார். இரண்டு நாளைக்கு மேல் பிரசவ வலியில் துடித்த ஒரு பெண், குழந்தை பிறந்ததும் அதை முதுகில் கட்டிக்கொண்டு கூட்டத்தோடு கிளம்ப வேண்டியிருந்தது. அதைப் பார்த்து மனம் கசிந்ததையும் எழுதுகிறார். இறைச்சி இருந்தால் வயிறு புடைக்க, இல்லாவிட்டால் நாள்கணக்கில் புகையிலையும் தண்ணீரும். எந்தப் பழைய தோல் துண்டை மெல்லுவது என்று யோசிக்கும் நிலை.

இதிலெல்லாம் என் மனதை விட்டுப் போகாதது ஒரு பெண். 1771 கிறிஸ்துமஸ் சமயத்தில் கிரேட் ஸ்லேவ் ஏரிக் கரைக்கு வந்து, அதைக் கடந்து தெற்கே போகிறார்கள். 1772 ஜனவரி 11இல் பனியில் யாருடையதோ பனிக்காலணித் தடம். பின்தொடர்ந்து போனால் சிறு குடிசையில் ஓர் இளம்பெண் தனியாக. பகைவர் பிடித்துக்கொண்டு போன இடத்திலிருந்து தப்பி, ஊருக்கு வழி தெரியாமல், ஏழு மாதமாக மனித முகமே பார்க்காமல் வாழ்ந்திருக்கிறாள். மான் கால் நரம்பில் கண்ணி செய்து முயல் பிடித்தாள். கல்லோடு கல் உரசி நெருப்பு உண்டாக்கினாள், அணையவிடாமல் காத்தாள். வில்லோ மரப்பட்டையின் உள்நாரைத் திரித்து, கோடை வந்தால் மீன்வலை பின்ன என்று கயிறு சேர்த்து வைத்திருந்தாள். முயல் தோலில் தனக்குத் தைத்துக்கொண்ட உடையில் அலங்கார வேலைப்பாடும் செய்திருந்தாள். யார் பார்க்க? இந்தக் கேள்விக்கு ஹெர்னிடம் பதில் இல்லை, வியப்புதான் இருக்கிறது. அவளைக் கண்டுபிடித்த அன்றைக்கே யார் அவளை மனைவியாக்கிக்கொள்வது என்று ஆண்கள் மல்லுக்கட்டினார்கள். அவள் ஏழு மாதம் யாருக்கும் சுமையாக இல்லை, யாருடைய சுமையையும் தூக்கவும் இல்லை. அந்த இரவோடு அது முடிந்தது. மட்டொனபியின் தத்துவத்தின் மேல் எனக்கு இருந்த ஆத்திரம் இந்த இடத்தில் திரும்பி வந்தது. போகவும் இல்லை.

மூட்டையாக இருப்பதில் இன்னொரு பக்கம் உண்டு. தூக்கிக்கொண்டு போகிறவர் எங்கே போனாலும் மூட்டையும் போக வேண்டும். 1771 வசந்தத்தில் தோணி செய்யத் தங்கிய இடத்தில் புதிதாகப் பல ஆண்கள் கூட்டத்தில் சேர்ந்தார்கள். அவர்களுக்குச் செம்பு முக்கியம் இல்லை. ஆற்றுமுகத்தில் கோடையில் மீன்பிடிக்க வரும் இனுவிட் மக்களைத் தாக்க வேண்டும், பழம்பகை. வேண்டாம் என்று ஹெர்ன் சொல்லிப் பார்த்தார். கோழை என்று ஏளனம் செய்தார்கள். அவர்களை விட்டால் அங்கிருந்து உயிரோடு திரும்ப வழியில்லை. உடனே பேச்சை மாற்றி, நீங்கள் அவர்களை என்ன செய்தாலும் எனக்கு ஒன்றுமில்லை என்ற தோரணையில் பேசினார். இதையும் அவரே எழுதியிருக்கிறார், எழுதாமல் விட்டிருக்கலாம். ஜூலை 17, நள்ளிரவைத் தாண்டியும் சூரியன் மறையாத நேரம், அருவிக்கரையில் தூங்கிக்கொண்டிருந்த இருபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றார்கள். பதினெட்டு வயது மதிக்கத்தக்க ஒரு பெண் விலாவில் ஈட்டி பாய்ந்து ஹெர்னின் காலடியில் விழுந்து அவர் கால்களைச் சுற்றிக்கொண்டாள். விட்டுவிடச் சொல்லி அவர் கெஞ்சினார். உனக்கு மனைவி வேண்டுமா என்று கேட்டுச் சிரித்துவிட்டு வேலையை முடித்தார்கள்.

அந்த விவரிப்பு அச்சுக்குப் போகும்முன் கூட்டி எழுதப்பட்டிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சிலர் ஐயப்படுகிறார்கள். நியாயமான ஐயம், நூல் வெளிவந்தது 1795இல், ஹெர்ன் இறந்து சில ஆண்டுகளுக்குப் பிறகு. எனக்கு ஐயம் வராத இடம் அந்தப் பேச்சு மாற்றம்தான். யாருடைய தயவில் வண்டியில் உட்கார்ந்திருக்கிறோமோ அவர்களிடம் குரல் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும். என் விஷயத்தில் அது உப்புப் பெறாத சங்கதிகளில்தான். காய்கறிக் கடைக்கு அழைத்துப்போகிறவர் அரசியல் பேசினால் தலையாட்டுவது போல. அளவில் ஒப்பிடவே கூடாது. ஆனாலும் தலையாட்டும்போது கழுத்தில் ஏறும் சூட்டை வைத்து அவரை நம்புகிறேன்.

கடலைப் பார்த்த கையோடு திரும்பி நடந்தார்கள். ஆர்க்டிக் கடலை வட அமெரிக்காவில் தரைவழியே அடைந்த முதல் ஐரோப்பியர் என்று ஹெர்னைப் பாடப்புத்தகம் சொல்கிறது. விட்டுவந்த மனைவியரிடம் சேரும் அவசரத்தில் மட்டொனபி ஓடாத குறையாக நடந்தார். ஹெர்னின் கால்விரல் நகங்கள் சீழ்பிடித்து விழுந்தன; வைத்த அடி ஒவ்வொன்றிலும் இரத்தம். 1772 ஜூன் 30இல் கோட்டைக்கு வந்தபோது ஏறத்தாழ 19 மாதம் கழிந்திருந்தது.

பத்தாண்டு கழித்து, ஹெர்னே கோட்டைத் தலைவராக இருந்தபோது, 1782 ஆகஸ்டில் லா பெரூஸ் தலைமையில் பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் வந்தன. ஹெர்ன் சண்டை போடாமல் சரணடைந்தார். அவரைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு கோட்டையைச் சிதைத்தார்கள். அதே சமயம் பெரியம்மை டெனே மக்களை அழித்துக்கொண்டிருந்தது. கோட்டை விழுந்த செய்தி கேட்டு மட்டொனபி தூக்கிட்டுக்கொண்டார். கோட்டையோடு நடத்திய வணிகத்தில்தான் அவருடைய தலைமை நின்றிருந்தது. அந்தக் குளிர்காலத்தில் அவருடைய மனைவியர் ஆறு பேரும் குழந்தைகள் நான்கு பேரும் பட்டினியில் இறந்தார்கள். ஹெர்னோடு வாழ்ந்த மேரி நார்ட்டன், மோசஸ் நார்ட்டனின் மகள், அவரும் பட்டினியால் அதே குளிரில் இறந்தார். மறு ஆண்டு ஹெர்ன் திரும்பி வந்து மரத்தால் புதுத் தளம் கட்டினார், இன்னும் சில ஆண்டுகள் இருந்துவிட்டு இங்கிலாந்துக்குப் போனார்.

வந்தவர்கள் கப்பலிலோ விமானத்திலோ போய்விடுவதும், இருந்தவர்கள் மிச்சத்தோடு இருப்பதும் இந்த ஊரில் வழக்கமான கதை. யெல்லோநைஃப் ஓரத்தில் ஜயண்ட் மைன் என்ற தங்கச் சுரங்கம் 2004 வரை இயங்கியது. தாதுவை வறுத்தபோது வந்த ஆர்சனிக் டிரையாக்ஸைடு தூள், 2,37,000 டன், இன்றும் நிலத்தடி அறைகளில் கிடக்கிறது. உறைய வைத்துக் காப்பாற்றும் வேலை நடக்கிறது. பாட்டியின் குடும்பம் வலைபோட ஏரியில் அவ்வளவு தூரம் போவது ஏன் என்று எனக்கு முதல் நாள் தெரியாது. மூட்டையிடம் அதையெல்லாம் யாரும் சொல்ல மாட்டார்கள். பின்னால் ஒரு நாள் அந்தத் தங்கச் சுரங்கத்துப் பக்கத்துக் கரையைக் காட்டி, அங்கே பழம் பறிப்பதில்லை என்று மட்டும் பாட்டி சொன்னார்.

வைரச் சுரங்கங்களிலும் கல் தீர்ந்துகொண்டு வருகிறது. என் கணவருக்கு வேலை முடிந்தால் நாங்கள் தெற்கே போய்விடுவோம். இந்தக் குளிர்காலம் வலை இழுக்கும்போது (இப்போது எனக்குக் கயிறு பிடிக்க அனுமதி உண்டு, மீன் எடுக்க இன்னும் கிடையாது) பாட்டி நேராகக் கேட்டார்: நீங்கள் எப்போது போகிறீர்கள்? சுரங்கம் மூடப்போவதாகச் சொல்லும் காலத்தைச் சொன்னேன். அவர் மனதுக்குள் கணக்குப் போட்டார். அப்படியானால் இன்னும் ஒரு குளிர்காலம் இருக்கிறது, முதலில் அந்த பூட்ஸைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கு என்றார்.